மூடிய தண்ணீர்: போட்டிக்கு முன் வரைய வேண்டிய எல்லை

தூண்டில் போட்டி வைக்கலாம் என்று ஊர் இளைஞர்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு முதலில் பரிசுத் தொகையில்தான் தொடங்கும். அடுத்து பேனர், டி-சர்ட், மதியச் சாப்பாடு. எந்தத் தண்ணீரில் தூண்டில் போடக் கூடாது என்பது முந்தின நாள் சாயங்காலம் யாருக்காவது ஞாபகம் வந்தால் உண்டு. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்த வரிசை சரிப்படாது. இங்கே முதலில் எழுத வேண்டியது மூடிய தண்ணீரின் பட்டியல். அதை எழுதி முடித்து மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் போட்டிக்கு இடம் உண்டா இல்லையா என்பதே தெரியும்.

இந்த விஷயத்தில் அதிக அனுபவம் உள்ளவர்கள் அமெரிக்காவின் பாஸ் மீன் போட்டிக்காரர்கள். அவர்கள் பாஸ் என்று சொல்வது நம் மீன் கடைக்கு வரும் கொடுவா அல்ல. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் நன்னீர் மீன். பெரிய வாய், செடி மறைவில் பதுங்கியிருந்து பாய்ந்து கவ்வும் குணம். அந்த வகையில் நம் விராலுக்குப் பங்காளி எனலாம். ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967 ஜூனில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டி ஒரு போட்டி நடத்தினார். இன்றைய பாஸ் போட்டி உலகம் அங்கிருந்து வளர்ந்தது. 1971-இல் அவர் நடத்திய முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக்கில் 24 பேர் கலந்துகொண்டார்கள். எந்த ஏரி என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லோரையும் விமானத்தில் ஏற்றி, அது வானத்துக்குப் போன பிறகுதான் நெவாடாவின் மீட் ஏரிக்குப் போகிறோம் என்று அறிவித்தார். பரிசு 10,000 டாலர். பாபி மர்ரி என்பவர் ஜெயித்தார்.

ஸ்காட் ஏன் அப்படி ஒளித்தார்? ஏரி எது என்று தெரிந்துவிட்டால் காசும் நேரமும் உள்ளவன் ஒரு மாதம் முன்னதாகவே போய்த் தங்கி, எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவான். அதன் பிறகு நடப்பது தூண்டில் போட்டியாக இருக்காது. இன்றைய பெரிய போட்டிகளில் ஏரியை ஒளிப்பதில்லை, தண்ணீரை மூடுகிறார்கள். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கலந்துகொள்பவர் அந்த ஏரியில் தூண்டில் போடக் கூடாது, உள்ளூர்க்காரரிடம் மீன் நிற்கும் இடம் கேட்கக் கூடாது. நடுவில் குறிப்பிட்ட பயிற்சி நாட்களில் மட்டும் இறங்கலாம். போட்டி நாளிலும் சில பகுதிகள் மூடியே இருக்கும்: அணையின் மதகுப் பக்கம், படகுத் துறை, மாநில அரசு மீன் காப்பிடமாக அறிவித்த பகுதி, எடை போட்ட மீனைத் திரும்ப விடும் இடம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை ஒரு முறை பார்த்தவருக்கு இது புதிதல்ல. கண்மாய் வற்றத் தொடங்கியதும் ஊர் கூடி நாள் குறிக்கும். அந்த நாள்வரை தனியாள் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. அன்று விடிகாலையிலேயே சுற்றுவட்டாரம் மொத்தமும் ஊத்தா, கச்சா, பரி, வலை சகிதம் கரையில் நிற்கும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார். துண்டு அசைந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். விமானத்தில் ஏற்றி ஸ்காட் சாதித்ததை ஒரு துண்டை வைத்துச் சாதித்திருக்கிறார்கள் நம் ஆட்கள். செலவும் குறைவு.

சட்டம் ஏற்கெனவே மூடிவைத்தவை

தென்காசி வட்டாரத்துக்கு வருவோம். இங்கே நீங்கள் மூடுவதற்கு முன்பே பாதித் தண்ணீர் மூடித்தான் இருக்கிறது. மேற்கே மலையடிவாரத்தைத் தொட்டதும் தண்ணீர் காட்டுக்குச் சொந்தம். கடையம், சிவசைலம் பக்கம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வடக்கே குற்றாலம், கடையநல்லூர், சிவகிரி மலைப்பகுதிகள் 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாயின. இவற்றுக்குள் ஓடும் ஓடையில் மண்புழு கோத்த தூண்டிலைப் போடுவதுகூட 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். செண்பகாதேவிக்கு மேலே, தேனருவிப் பக்கம் யாரும் போகாத கசம் இருக்கிறது, அங்கே மீன் பெரிசு என்று யாராவது வந்து சொல்வார். இருக்கட்டும். போட்டி அறிவிப்பில் அந்தப் பக்கத்தின் பேரே வரக் கூடாது.

பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட்டுவிடுகிறோம், அப்புறம் என்ன என்று கேட்பார்கள். கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமகளி முகாம்களில் இதையேதான் செய்தார்கள். உலகெங்கும் இருந்து ஆட்கள் வந்து பெரிய மஷீர் கெண்டைகளைப் பிடித்து, படம் எடுத்து, ஆற்றில் விட்டார்கள். அந்த ஆற்றுப் பகுதி சரணாலயத்துக்குள் இருந்ததால் 2010-களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. என்னைக் கேட்டால் அதில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. தூண்டில்காரர்கள் இருந்தவரை வெடி போட்டு மீன் பிடிப்பவர்கள் அந்தப் பக்கம் அண்டவில்லை. அவர்கள் எழுதிவைத்த மீன் கணக்கை வைத்துத்தான் திமில் மஷீர் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதையே பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2018-இல் அந்த மீன் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. ஆனால் போட்டி நடத்துபவர் அந்த வழக்காட்டுக்குள் போக வேண்டியதில்லை. சரணாலயம் என்றால் மூடியது, அவ்வளவுதான்.

மீனுக்காகத் தண்ணீரை மூடுவது நம் மாநிலத்தில் நேற்று வந்த பழக்கமும் அல்ல. நீலகிரியில் விலங்கையும் மீனையும் காக்க 1879-லேயே தனிச் சட்டம் வந்தது. பிடிக்கக் கூடாத பருவத்தை அரசு அறிவிக்கலாம் என்று அது சொன்னது. 1897-இன் இந்திய மீன்வளச் சட்டம் தண்ணீரில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் குற்றமாக்கியது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை இருப்பதை மீன் வாங்கப் போகிற எல்லோரும் விலையிலேயே உணர்வார்கள்.

அடுத்து அணைகள். கடனாநதி 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132 என்று நாளிதழில் நீர்மட்டம் வருகிறதே, அந்த ஐந்தும் உங்கள் பட்டியலில் மூடியவையாகவே இருக்கட்டும். அணையின் தண்ணீர் நீர்வளத் துறையின் பொறுப்பு. மீன்பிடி உரிமை மீன்வளத் துறையின் வழியாகவோ அது கொடுத்த குத்தகையின் வழியாகவோ வேறொருவரிடம் இருக்கும். அணைக்கு மேற்கே கால் வைத்தால் வனத்துறை. மூன்று அலுவலகமும் ஒரே நாளுக்குச் சம்மதம் தந்து போட்டி நடப்பதற்குள் அடுத்த சாரல் வந்துவிடும். செங்கோட்டைக்கு மேலே இருக்கும் குண்டாறு சின்ன அணை. சாரல் பிடித்தால் மாவட்டத்தில் முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் அதுதான். பார்க்கக் கைக்கு அடக்கமாகத் தெரிவதாலேயே ஆசை காட்டும்.

அருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் குளிக்க வருகிறவர்களின் இடம். ஆயிரம் பேர் தலை துவட்டும் இடத்தில் முள் கட்டிய நரம்பை வீசுவது முறையல்ல. ஆபத்து வேறு. 2024 மே 17 அன்று மலையில் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அருவிக்கு நேர்கீழே சிற்றாறு ஓடும் பகுதியையும் இதே கணக்கில் சேர்த்து மூடுங்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அங்கே வந்து சேரும்.

கோவில் படித்துறை, தெப்பக்குளம், சித்திரசபைக் குளம்: எழுத்தில் தடை இருக்கிறதா என்று தேடவே வேண்டாம். பாபநாசத்தில் தாமிரபரணிப் படித்துறை மீன்களுக்குப் பொரி போடும் ஜனம், துங்கை ஆற்றில் சிருங்கேரி மடத்துப் படித்துறையில் மீன்களை யாரும் தொடாமல் காக்கும் ஜனம் எல்லாம் ஒரே ஜனம்தான். சட்டம் வந்து காப்பாற்றாத மீனைக்கூட அந்தப் படிக்கட்டுகள் காப்பாற்றியிருக்கின்றன. அங்கே தூண்டிலோடு நிற்பவரை யாரும் போட்டியாளர் என்று பார்க்க மாட்டார்கள்.

குத்தகைக் குளம்

ஆக, மிச்சம் இருப்பவை குளங்கள். மலையடிவாரத்திலிருந்து கிழக்கே இலஞ்சி, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், கீழப்பாவூர் என்று சங்கிலி சங்கிலியாகப் போகும் குளங்கள்தாம் இந்த வட்டாரத்தில் தூண்டிலுக்கு ஏற்ற தண்ணீர். ஆனால் ஒரு குளமும் அனாதையாகக் கிடக்கவில்லை. பெரிய குளம் நீர்வளத் துறையுடையது; சிறியது ஊராட்சி ஒன்றியத்துடையது. அதில் தண்ணீர் பாய்கிற வயல்காரர்களுக்கு ஒரு பாத்தியதை. மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு இன்னொன்று. போட்டி நடத்துபவர்கள் துறை அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு இந்தக் குத்தகைக்காரரை மறந்துவிடுவார்கள். சண்டை கிளம்புவது அங்கேதான்.

அவர் ஏலத்தில் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். இரவில் திருட்டு வலை விழாமல் காவல் இருக்கிறார். அந்தக் குளத்துக் கெண்டை அவருடைய முதல். அதைப் பிடித்து எடை போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும் போட்டிக்கு அவர் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. பேச்சை இப்படித் தொடங்கலாம்: வளர்ப்புக் கெண்டை விழுந்தால் அப்போதே ஈரக் கையால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுவோம், கணக்கில் சேர்க்க மாட்டோம், ஜிலேபி, விரால், கெளுத்தி மட்டுமே போட்டிக்கு, அதில் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போக விரும்பினால் கிலோவுக்கு உங்கள் விலை. இப்படிப் போய் உட்கார்ந்தால் பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். "சரிய்யா, போட்டுக்கோங்க. மடைப் பக்கம் மட்டும் போவாதீய" என்கிற மாதிரி ஒரு நிபந்தனை வரும். அந்த நிபந்தனையை அப்படியே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டு வாதாட வேண்டாம். மடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில்தான் கோடையில் மீன் ஒதுங்கும், அவருடைய கடைசி வலை அங்கேதான் விழும் என்பது அவருக்குத் தெரியும். வாய்ப் பேச்சோடு நிறுத்தாமல், ஒரு தாளில் நாள், நேரம், இடம், மீன் வகை, விலை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. போட்டி நாளில் அவரையே நடுவர்களோடு கரையில் உட்காரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி விழுந்தால் தனிக் கதை. வளர்ப்பதற்கே தடை விதிக்கப்பட்ட மீன் அது. மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும். அதைத் திரும்பத் தண்ணீரில் விடச் சொல்லும் விதியை எழுதிவிடாதீர்கள். குத்தகைக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம்.

பறவைகள் கூடு கட்டும் குளமா என்றும் பாருங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள திருப்புடைமருதூர், மருத மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காக 2005-இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல் இடம். அந்த அறிவிப்பு இல்லாத குளங்களிலும், கரை மரங்களில் நாரை அடைகாக்கும் மாதங்களில் அந்தக் கரையை விட்டுவிடுங்கள். அறுந்து தொங்கும் தங்கூசி நரம்பு நாரையின் காலில் சுற்றினால் அதை அவிழ்த்துவிட ஆள் கிடையாது.

விரால் குஞ்சோடு நிற்கும்போது

இனி மீனுக்காக நீங்களாகவே மூட வேண்டியவை. பாஸ் போட்டிக்கும் நம் குளத்துக்கும் உள்ள ஒற்றுமை இங்கே அச்சு அசலாகத் தெரியும். பாஸ் மீனில் ஆண், ஆழம் குறைந்த கரையோரத்தில் வாலால் மண்ணை விலக்கிக் குழி செய்து, பெண் முட்டையிட்டுப் போன பிறகும் அங்கேயே நின்று காவல் காக்கும். தூண்டில் அருகே வந்தால் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். எதிரியை விரட்டுவதாக அதற்கு நினைப்பு. அந்த ஆணைத் தூக்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் சின்ன மீன்கள் மொய்த்து முட்டையைத் தின்றுவிடும். அதனால்தான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் பெரும்பகுதியில் நெடுங்காலமாக ஜூன் பிற்பகுதியில்தான் பாஸ் பருவமே திறந்தது.

விராலும் இப்படித்தான், இன்னும் ஒரு படி மேலே. குளம் பெருகும் மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாசிக்கும் கோரைக்கும் நடுவே ஒரு சின்ன வட்டத்தைச் சுத்தம் செய்யும். முட்டை மேலே மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிந்து, கொஞ்ச நாளில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கொத்தாகத் திரளும். விரால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய மீன். குஞ்சுகளும் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்கும்போது, சட்டி நீர் கொதி வருவதுபோல ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் மினுமினுத்து அடங்கும். சற்று நேரம் கழித்து நாலடி தள்ளி மறுபடியும். அதற்கு நேர்கீழே தாயோ தகப்பனோ நிற்கிறது.

தவளை வடிவ ரப்பர் பொம்மையை அந்த மினுமினுப்பின் மேல் இழுத்தால் பத்துக்கு ஏழு தடவை அடி விழும் என்பது தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். போட்டி என்று வந்துவிட்டால் இரண்டு கிலோ விரால் பரிசைத் தட்டிக்கொண்டு போகும். ஆசை வராமல் இருக்காது. தாய் போன குஞ்சுக் கூட்டம் சாயங்காலத்துக்குள் ஜிலேபிக்கும் நீர்க்காகத்துக்கும் இரை. அடுத்த வருஷம் அந்தக் குளத்தில் விரால் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவரும் அதே ஆள்தான்.

எனவே விதியை இரண்டு வரியில் எழுதுங்கள். குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்திலிருந்து இருபது அடிக்குள் தூண்டில் விழக் கூடாது. காலையில் நடுவர் கரையைச் சுற்றி வந்து, குஞ்சு தெரிந்த இடங்களில் கம்பு ஊன்றிச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். போட்டியை எந்த மாதத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடம் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிட்டு மாசி, பங்குனிப் பக்கம் போங்கள். தென்காசிக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடிச் சாரலும் வரும், வடகிழக்குப் பருவமழையும் வரும். ஆற்றுக்கு முதலாவது பெரிது, குளம் நிறைவதற்கு இரண்டாவது. மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்து, கரை காய்ந்து, நிற்க இடமும் கிடைக்கும். அதற்குமேல் சித்திரை, வைகாசிக்குத் தள்ள வேண்டாம். வற்றிச் சூடேறிய தண்ணீரில் பிடித்து விடும் மீன் பிழைப்பது சிரமம்.

மீனை விடும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பிடித்த மீனைக் கொல்லாதே" என்ற இயக்கத்தை ஸ்காட் 1972-இல் தொடங்கினார். அதிலிருந்து எடை போட்ட மீனை உயிரோடு விடுவது வழக்கமானது. விட்ட மீன் உடனே பழைய இடத்துக்குப் போய்விடுவதில்லை. களைத்துப்போய், எடை போட்ட துறையைச் சுற்றியே கொஞ்ச நாள் திரியும். அங்கே தூண்டில் போட்டால் சிரமமில்லாமல் மறுபடி மாட்டும். இதனால்தான் விடும் இடத்தைச் சுற்றி மூடுகிறார்கள். உங்கள் எடை மேசைக்கு இரண்டு பக்கமும் ஐம்பது தப்படி மூடியது என்று எழுதுங்கள். போட்டி முடிந்து ஒரு வாரம்வரை அங்கே யாரும் வீச வேண்டாம் என்று ஊரிலும் சொல்லிவையுங்கள்.

தவிட்டு மூட்டை

நியாயத்துக்காக மூடுவதுதான் நம் பக்கத்துப் போட்டிகளில் அடியோடு விட்டுப்போகிற பகுதி. படகு, எதிரொலிக் கருவி எல்லாம் இங்கே இல்லை; ஆகவே முன்கூட்டிப் போய்ப் பார்த்தால் என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் தவிட்டில் இருக்கிறது. போட்டி நாள் தெரிந்ததும் உள்ளூர் ஆள் ஒருவர் தினமும் சாயங்காலம் ஒரே இடத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் உருட்டிப் போடுவார். ஒரு வாரத்தில் அந்த மூலைக்கு மீன் பழகிவிடும். போட்டியன்று அவர் விடியற்காலையில் வந்து அந்த இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்தால், சுரண்டையிலிருந்தும் கடையத்திலிருந்தும் வந்தவர் என்ன செய்வார்? திட்டிக்கொண்டே பஸ் ஏறுவார். அடுத்த வருஷம் வர மாட்டார்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, போட்டிக்கு ஏழு நாள் முன்பிருந்து குளத்தை எல்லோருக்கும் மூடுவது: கலந்துகொள்பவர் யாரும் அந்தக் கரையில் தூண்டிலோ இரையோ போடக் கூடாது, மீறியவர் பெயர் நீங்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஏழு ராத்திரி யார் காவல் இருப்பது? குத்தகைக்காரரின் காவல்காரர் ஒத்துழைத்தால் உண்டு. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தில் கரையில் உட்கார்ந்து நடத்தும் போட்டிகளில் கரை நெடுகக் கட்டை அடித்து எண்ணிட்டு, காலையில் குலுக்கல் போட்டு, எந்த எண் வருகிறதோ அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பார்கள். தவிடு போட்டவரின் மூலை வேறொருவருக்கு விழும். போட்டவரே சிரித்துவிடுவார், அல்லது முறைப்பார். யாருடைய உழைப்பும் வீண் என்று சொல்ல முடியாது. நேரத்தைப் பாதியாகப் பிரித்து, இடைவேளையில் இன்னொரு குலுக்கல் வைத்தால் மோசமான இடம் விழுந்தவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

கை தாராளமான சங்கங்கள் ஸ்காட்டின் வழியையே சற்று மாற்றிச் செய்யலாம். இரண்டு மூன்று குளங்களுக்கு அனுமதி வாங்கிவைத்துக்கொண்டு, எல்லோரும் தென்காசி புதுப் பேருந்து நிலையத்தில் கூடிய பிறகு எந்தக் குளம் என்று சீட்டு எடுப்பது. விமானத்துக்குப் பதில் மினி பஸ். ஆனால் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு குத்தகைக்காரர், ஒரு பேச்சுவார்த்தை என்பதை நினைவில் வைத்து இறங்குங்கள்.

ஆளுக்காக மூடுவது

மறுகால் பாயும்போது அந்தப் பக்கமே வேண்டாம். தடுப்புச் சுவரின் மேல் பாசி படர்ந்திருக்கும்; பார்க்கக் கணுக்கால் தண்ணீர், கால் வைத்தால் வழுக்கும். மடையின் உட்புறமும் அப்படியே: திறந்திருக்கும் மடை ஆளை உள்ளே இழுக்கும். சிற்றாற்றின் அணைக்கட்டுகளில் போட்டி வைக்கலாமா என்று கேட்பவருக்கும் இதுவே பதில்.

பலர் யோசிக்காத ஒன்று மின்கம்பி. இந்த வட்டாரத்துக் கரைகளின் மேல் வயல் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் போகிற கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன. இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். எட்டடி ராடைப் பின்னால் ஓங்கி வீசும்போது நனைந்த நரம்பு கம்பியில் பட்டால் போதும். கம்பிக்கு இரண்டு பக்கமும் முப்பதடி வீதம் மூடிவிட்டுத்தான் கட்டை அடிக்கத் தொடங்க வேண்டும். இடி கேட்டால் எல்லா ராடும் கீழே. அரைமணி நேரம் அமைதியாகும்வரை யாரும் தொடக் கூடாது. அந்த நேரத்தைப் போட்டி நேரத்தில் கூட்டித் தருவதா இல்லையா என்பதையும் காலையிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நனைந்த கூட்டம் அதற்கும் சண்டை போடும்.

எல்லை எப்படித் தெரிய வேண்டும்

பட்டியல் காகிதத்தில் இருந்தால் போதாது. குளத்தின் கைப்படம் ஒன்று வரைந்து, மூடிய பகுதிகளில் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு நகல் கொடுங்கள். கரையில் சிவப்புத் துணி. "மடைக்குக் கொஞ்சம் தள்ளி" என்று எழுதக் கூடாது. "மடையிலிருந்து கிழக்கே இரண்டாவது பனைவரை" என்று எழுத வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் வீசுகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே விதி ஆள் நிற்கும் இடத்தைச் சொன்னால் போதாது. ஆளும் தூண்டில் முள்ளும் இரண்டும் திறந்த தண்ணீருக்குள் இருக்க வேண்டும். திறந்த தண்ணீரில் மாட்டிய மீன் நரம்போடு மூடிய பக்கம் ஓடினால் அதை இழுத்து எடுக்கலாம்; கணக்கில் சேரும். இதை முன்பே எழுதிவைக்காத போட்டியில், ஓடிப்போன ஒரு விராலுக்காக எடை மேசை கவிழும்.

மீறினால் என்ன தண்டனை என்பதை மூன்று படியாக வைக்கலாம். குலுக்கலில் விழுந்த இடத்தைத் தாண்டிப் பக்கத்துக்காரரின் தண்ணீரில் வீசினால் எச்சரிக்கை, இரண்டாம் தடவை அந்த மீன் கணக்கில் இல்லை. சிவப்புத் துணிக்குள் வீசினால் அன்றைய எடை மொத்தமும் பூஜ்யம். சரணாலய எல்லைக்குள் போனாலோ, குத்தகைக்காரரின் வளர்ப்புக் கெண்டையை மறைத்து எடுத்துப் போனாலோ, போட்டியிலிருந்து நீக்கம். சட்டப்படி அதற்கு மேல் நடப்பதற்குச் சங்கம் குறுக்கே நிற்காது என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். புகார் எடை போட்டு முடிந்த அரைமணிக்குள் எழுத்தில் வர வேண்டும், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு. பரிசு கொடுத்து, படம் எடுத்து, ஃபேஸ்புக்கில் போட்ட பிறகு வரும் புகாரை வாங்கக் கூடாது.